ஓட்டாஞ்சில்லு பொறுக்கப் போகிறவர்களுக்கு

உழுத காட்டில் ஒரு மழை பெய்து காய்ந்த பிறகு, வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் நடந்தால் பானை ஓடுகள் பளிச்சென்று தெரியும். கீழடியும் இப்படி நடந்து பார்த்ததில் அடையாளம் கண்ட இடம்தான். 2013-14இல் வைகையின் இரு கரையிலும் நடந்த மேற்பரப்பு ஆய்வில் பதிவான 293 இடங்களில் அதுவும் ஒன்று.

நான் முதன்முதலில் போனபோது ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். விஷயம் தெரிந்த ஒருவரிடம் பெருமையாகக் கொட்டிக் காட்டினேன். "இதில் எது எந்த வயலில் கிடைத்தது?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்தப் பை இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

எடுப்பதற்கு முன் கிடக்கும் இடத்திலேயே பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். செல்போன் காட்டும் இருப்பிடத்தையும் சர்வே எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்ட பக்கமெல்லாம் அலையாமல் வரப்பிலிருந்து வரப்புக்கு நேர்கோட்டில், சம இடைவெளி விட்டு நடக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காத வரிசையையும் எழுத வேண்டும். பழைய ஊர் புதைந்த மேட்டின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்த வெற்று வரிசைதான் காட்டும். விளிம்பும் வேலைப்பாடும் உள்ள துண்டுகளை மட்டும் பொறுக்கினால், அந்த ஊரில் எல்லாமே அலங்காரப் பானைகள் என்று கணக்கு தப்பிவிடும்.

கறுப்பும் சிவப்புமாக ஒரு துண்டைப் பார்த்ததும் "மூவாயிரம் வருசம்" என்று பதிவு போடுவதுதான் இப்போது அதிகம் நடக்கிறது. கறுப்பு-சிவப்புப் பானையில் கறுப்பு உட்புறத்திலும் வாய்ப்பகுதியிலும் இருக்கும். வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. சுடும்போது உள்ளே காற்று எட்டாததால் வந்த நிறம் அது. வெளியே அடிப்பக்கம் கறுத்திருந்தால் நம் பாட்டி குழம்பு வைத்த சட்டியாகவும் இருக்கலாம், அது வெறும் அடுப்புக்கரி. அசல் துண்டாகவே இருந்தாலும், இரும்புக் காலத்திலிருந்து சங்க காலம் வரை புழங்கிய வகை அது. ஒற்றைத் துண்டை வைத்து வயது சொல்ல முடியாது.

கீறலைக் கண்டதும் தமிழி, அதாவது பழந்தமிழ் எழுத்து என்று துள்ளுவதும் இந்த ரகம்தான். ஏர்க்கொழு கிழித்த கோடு உள்ளே புது நிறமாக இருக்கும். பழைய கீறல் ஓட்டின் மேற்பரப்பைப் போலவே மங்கியிருக்கும். சந்தேகம் தீர்க்க ஆணியால் சுரண்டிப் பார்க்காதீர்கள். சோப்பும் பிரஷும் வேண்டாம்.

கம்பியை விட்டுத் தோண்டவே கூடாது. மண் அடுக்கு ஒருமுறை கலைந்தால் கலைந்ததுதான். மண்ணில் புதைந்திருந்து கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பலர் யோசிக்காத ஒன்று, வண்டல். கண்மாயில் வெட்டிய மண்ணை வயலில் அடித்திருந்தால் ஓடுகள் அதோடு வந்தவையாக இருக்கலாம். குப்பை எருவிலும் ஊருக்குள் உடைந்த சட்டி வந்து சேரும். ஆகவே காட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள். வண்டல் அடித்தது எந்த வருசம், அந்த மேட்டை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், உழும்போது எந்த மூலையில் தாழி இடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.