பழைய கடிதங்களில் பணக்கணக்கு: எங்கே தவறிப் படிக்கிறோம்?

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் எழுதிய கடிதங்களில் இன்று கிடைப்பவை சுமார் 160. பெரும்பாலானவை அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதியவை. துணி விலை, தேயிலை, தபால் செலவு, புத்தகத்தில் வந்த லாபம் என்று எங்கு பார்த்தாலும் பணப்பேச்சுதான். அதை அப்படியே இன்றைய கண்ணோடு படித்தால் குடும்பத்தின் நிலைமையே தலைகீழாகத் தெரியும்.

பலரும் சறுக்கும் முதல் இடம், மூலதனத்தையும் வருமானத்தையும் குழப்புவது. அந்தக் காலத்தில் ஓர் ஆணின் வசதியை ஆண்டு வருமானமாகவும், பெண்ணின் சொத்தை மொத்தத் தொகையாகவும் சொல்வது வழக்கம். 'அவளுக்கு 10,000 பவுண்டு' என்றால் 5 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 500 பவுண்டுதான் கைக்கு வரும். ஜேன் தன் புத்தக வருமானத்திலிருந்து 600 பவுண்டைக் கடற்படைக் கடன்பத்திரத்தில் போட்டு வைத்திருந்தார். அதில் கிடைத்தது ஆண்டுக்கு 30 பவுண்டு.

'இன்றைய ரூபாயில் எவ்வளவு?' என்று கேட்பதும் வேண்டாத வேலை. அதே குடும்பத்தின் இன்னொரு தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1805-ல் அப்பா இறந்த பிறகு அம்மாவும் இரண்டு பெண்களும் ஆண்டுக்குச் சுமார் 450 பவுண்டில் வாழ்ந்தார்கள். அதில் பாதிக்கு மேல் அண்ணன்மார் கொடுத்தது. 1812-ல் ஒரு நாவலின் உரிமையை ஜேன் 110 பவுண்டுக்கு விற்றார். வீட்டுச் செலவில் கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கானது! இப்படிப் பார்த்தால்தான் தொகையின் கனம் புரிகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை: அன்று 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 13.7 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் அது 13 பவுண்டு 7 ஷில்லிங், தசமக் கணக்கு இல்லை. நம் பழைய அணா, பைசா கணக்கை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

எழுதிய தாளைத் திருப்பி, வரிகளுக்குக் குறுக்கே மீண்டும் எழுதியிருப்பதைப் பார்த்து வறுமை என்று முடிவு கட்டவும் கூடாது. அப்போது தபால் கட்டணம் தாள்களின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே கட்டினார். இரண்டு தாள் என்றால் இரட்டிப்புக் கட்டணம். வசதியானவர்களும் குறுக்கே எழுதினார்கள். அப்புறம், உறவுச் சொற்கள். 'சகோதரி' என்று எழுதியிருப்பது அண்ணியாகவும் இருக்கலாம். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு குடும்ப மரம் போட்டுக்கொள்ளாமல் கணக்கில் இறங்காதீர்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1816 மார்ச்சில் நடந்தது. அண்ணன் ஹென்றியின் லண்டன் வங்கி திவாலானது. இன்னொரு அண்ணன் எட்வர்டுக்கு 20,000 பவுண்டு, தாய்மாமனுக்கு 10,000 பவுண்டு நஷ்டம். இவ்வளவு பணத்தை வங்கியில் போட்டு வைத்திருந்தார்களா என்று தோன்றும். இல்லை. ஹென்றி ஆக்ஸ்போர்டுஷயர் வரிவசூல் அதிகாரியாகப் பதவி ஏற்றபோது இருவரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வங்கி விழுந்ததும் அரசுக்குச் சேர வேண்டிய வரிப்பணம் பாக்கியாக, அது அவர்கள் தலையில் விடிந்தது. போட்டு வைத்த பணம் வேறு, பிணைப்பணம் வேறு. இதைப் பிரிக்காவிட்டால் குடும்பத்துக்குள் யார் யாரை எவ்வளவு நம்பினார்கள் என்பதே நமக்குத் தெரியாமல் போகும். அடி அங்கேயே நிற்கவும் இல்லை. ஹென்றியும் மற்றொரு அண்ணன் பிராங்கும் அம்மாவுக்கு ஆண்டுதோறும் தலா 50 பவுண்டு தந்துவந்ததும் நின்றுபோனது.

இத்தனைக்கும் சண்டையோ பழிச்சொல்லோ கடிதங்களில் அதிகம் இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். கடிதங்களை வீட்டில் சத்தமாக வாசிப்பது வழக்கம் என்பதால் பலதை எழுதாமலே விட்டார்கள். ஜேன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு கசாண்ட்ராவும் பல கடிதங்களை எரித்தார். மிஞ்சியதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் கடிதத்தோடு உயிலையும் சேர்த்துப் படியுங்கள். ஜேன் 1817 ஏப்ரலில் எழுதிய உயில் சில வரிகள்தான். இரண்டு சிறு தொகைகள் போக மற்றதெல்லாம் கசாண்ட்ராவுக்கு. நொடித்துப்போன ஹென்றிக்கு 50 பவுண்டு. இன்னொரு 50 பவுண்டு, ஹென்றியின் வீட்டைக் கவனித்துக்கொண்ட மேடம் பிஜோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணிக்கு.