செப்சிஸுக்குப் பிறகு உடம்பைத் தேற்றிய விதம்

கிருமித்தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு தன் உறுப்புகளையே சேதப்படுத்திக்கொள்ளும் ஆபத்தான நிலைதான் செப்சிஸ். அது வந்து, ஐசியூவிலிருந்து என் ஊரான மண்டபத்துக்கு வந்து சேர்ந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "பொழச்சு வந்துட்டீக, அது போதும்" என்றார்கள். போதவில்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. சில மாதங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. செப்சிஸில் இருந்து மீண்ட பலருக்கும் இப்படி ஆகும் என்று பிசியோதெரபிஸ்ட்தான் சொன்னார். டிஸ்சார்ஜ் தாளிலேயே இதை எழுதித் தர வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் முதல் பயிற்சி. பிறகு வெயிலேறும் முன் கரையோரத்தில், இறுகிய ஈரமணலில் நடை. தெம்பாக இருக்கும் நாளிலும் கூடுதலாக நடக்க மாட்டேன். நடந்தால் மறுநாள் படுக்கைதான். சூடை மீனும் முட்டையும் தினமும் சாப்பிட்டேன். சிறுநீரகம் பாதித்தவர்கள் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரிகள்தான் கொடுமை. கையைக் கயிற்றால் கட்டி என்னைக் கடலில் இறக்குவது போலவே தோன்றும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஐசியூவில் நடந்ததை நாள்வாரியாகச் சொன்னாள். "தொண்டைக் குழாயப் பிடுங்கிடக் கூடாதுன்னு துணியால கட்டுனாங்கடா." அதைக் கேட்டபின் பயம் மெல்லத் தணிந்தது. வீட்டில் யாராவது ஐசியூவில் இருந்தால், தினமும் நடப்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் அவருக்கு அது மருந்து.

செப்சிஸ் மறுபடி வரலாம். காய்ச்சலோடு நடுக்கம், மூச்சிரைப்பு, குழப்பம், சிறுநீர் குறைவு என்று தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். செப்சிஸ் வந்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.