நலமாக இருப்பவர் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளும் முன்

உடம்பில் எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவர் முழு உடல் பரிசோதனைக்குப் போகும்போது, பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் வராது என்றே நினைக்கிறார். அந்த நினைப்பைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். ஒருபோதும் தொல்லை தராமல் இருந்திருக்கும் நோயையும் பரிசோதனை கண்டுபிடித்துவிடலாம்; இதை மிகைநோயறிதல் என்பார்கள். இது மருத்துவப் பிழையிலிருந்து வேறுபட்டது.

மருந்தை மாற்றிக் கொடுப்பது மருத்துவப் பிழை. அதைச் சுட்டிக்காட்டலாம், மருத்துவரும் மறைக்காமல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம். மிகைநோயறிதலிலோ அறிக்கையில் இருப்பது உண்மையே: கட்டி இருக்கிறது, ஆனால் அது வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாமலே இருந்திருக்கும். சிகிச்சை பெற்றவர் நலமாக இருந்தால், அது சிகிச்சையால்தானா என்று அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பின்னால் மன்னிப்புக் கேட்க ஆளில்லாத இடத்தில், கேள்வியை முன்னால் கேட்பதே வழி.

தென் கொரியாவில் தைராய்டு அல்ட்ராசவுண்ட் பரவலான பிறகு, 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் ஏறத்தாழ 15 மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் விகிதமோ அநேகமாக மாறவில்லை. அறுவை செய்துகொண்டவர்களில் பலர் ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியவர்களானார்கள். சிலருக்குக் குரல் நரம்பும் பாதிக்கப்பட்டது.

எனவே, “இதில் ஏதேனும் தெரிந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அந்த அடுத்த படிக்கு நீங்கள் உடன்படமாட்டீர்கள் என்றால், முதல் படியையே யோசிக்க வேண்டும். பயனைச் சதவீதமாகச் சொன்னால், ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேளுங்கள்; ஆயிரத்தில் நான்கு இறப்பு மூன்றாகக் குறைந்தாலும் ‘25 சதவீதக் குறைவு’ என்று சொல்லலாம், அது பொய்யுமல்ல. ஐந்தாண்டு பிழைப்பு விகிதத்தை, அதாவது நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடிருப்போரின் விகிதத்தை, நான் அவ்வளவாக நம்புவதில்லை: நோயை முன்கூட்டிக் கண்டுபிடித்தாலே, ஆயுள் ஒரு நாள்கூட நீளாமல், அந்த எண் உயர்ந்துவிடும்.

எல்லாப் பரிசோதனையும் இப்படியல்ல. கருப்பை வாய்ப் பரிசோதனை உயிர் காத்திருக்கிறது. அறிகுறி உள்ளவருக்கு இந்தத் தயக்கமே பொருந்தாது.

அறிக்கை ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? சிறிய தைராய்டு கட்டி, அபாயம் குறைந்த புராஸ்டேட் புற்றுநோய் போன்றவற்றில் உடனே அறுவை செய்யாமல் கண்காணித்து வருவதும் ஏற்கப்பட்ட வழிதான் என்பதால், அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டு, திசு மாதிரியை இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டிய பிறகு நாள் குறியுங்கள்.