கடற்கரை வீட்டில் கணினி வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச் மூன்றாம் வாரத்தில், ஒரு துணிப்பையும் மடிக்கணினியுமாகச் சென்னையிலிருந்து கிளம்பி, ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு பார்க்கும் வேலை. வேலையில் குறையில்லை. ஆனால் முதல் இரண்டு வருடத்துக்குள் கழுத்துவலி, கண் எரிச்சல், சிறுநீரகக் கல் என்று மூன்றும் வரிசையாக வந்தன. ஒரு மடிக்கணினியை உப்புக்காற்று தின்றுவிட்டது.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இந்தக் கரையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. புதிதாக வருகிறவர்களோடு பேசினால், நான் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்துகொண்டிருக்கிறார்கள். இதைப் பற்றிப் படிக்கக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஏசி அறைக்கும் நிற்காத மின்சாரத்துக்கும் எழுதப்பட்டவை. நம் வீட்டுக்கு அவை பாதிதான் பொருந்தும். மீதிப் பாதியை இந்தக் கரையிடம்தான் கேட்க வேண்டும்.

நகரத்து நேரத்தை அப்படியே கொண்டுவருவது

மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். சென்னை அலுவலகத்தில் காலை எழுந்து குளித்து, சாப்பிட்டு, பேருந்து பிடித்து, பத்து மணிக்கு உட்காருவோம். அங்கே பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அறையின் குளிர் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை காற்று சுகமாக இருக்கும். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் புழுக்கம் தொடங்கினால் உட்கார்ந்த இடத்திலேயே சட்டை நனையும்.

மதுரையில் வெயில் நம் ஊரைவிட அதிகம்தான். ஆனாலும் அங்கே நிழலில் ஒதுங்கினால் தேவலை என்றிருக்கும். காரணம் எளிது. வியர்வை வருவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிகிறது. உடம்பு தன்னைக் குளிர்விக்கவே பாடுபடும்போது மூளைக்குக் கூர்மை எங்கிருந்து வரும்? பிற்பகல் மூன்று மணிக்கு நான் போட்ட கணக்குகளில்தான் பிழை அதிகம் வந்தது. தூக்கம் போதவில்லை, கவனம் போதவில்லை என்று என்னையே வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்துச் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுகிறேன். லண்டனில் காலை ஒன்பது என்றால் கோடையில் நமக்குப் பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அவர்களோடு பேசுவது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது போன்ற இலகுவான வேலைகளுக்கு அந்த வெயில் நேரம் போதும். நடுவில் பத்தரையிலிருந்து ஒன்றரை வரை சமையல், சாப்பாடு, ஒரு சிறு தூக்கம். மேலாளரிடம் இதைக் கேட்கத் தயங்கி ஒரு வருடம் வீணாக்கினேன். கேட்டபோது ஐந்து நிமிடத்தில் சரி என்றார். எங்கள் கரையில் கடலுக்குப் போகிற யாரும் சுவர்க்கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கிளம்புவதில்லை. காற்றைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள்.

அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்கள் நிலை இன்னும் கடினம். நியூயார்க்கில் காலை ஒன்பது என்பது நமக்கு மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு ஏழரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படியே ஓடும். அந்த ஒரு மணி நேர மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு, ஒரு வாரம் முன்பிருந்தே தூக்க நேரத்தைக் கால்மணி கால்மணியாக நகர்த்துங்கள். வேலை நாளில் காலை பத்து மணி வரை தூங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணிக்கு எழுந்து பூசைக்கோ சந்தைக்கோ போனால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் உடம்பு சொன்னபடி கேட்காது.

மாடி அறையைப் பிடித்துக்கொள்வது

கடல் தெரியும், தொந்தரவு இருக்காது என்று எல்லோரும் முதலில் மாடி அறையைத்தான் கேட்பார்கள். காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கிவைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு மெல்ல மெல்ல உள்ளே இறக்கும். மாலை ஆறரைக்கு வேலை தொடங்குகிறவருக்கு, வீட்டிலேயே அதிகம் சுடுகிற அறை அந்த நேரத்தில் அதுதான். மின்விசிறியைக் கூட்டினால் தளத்தின் சூடான காற்றையே அது கீழே தள்ளும். கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறை கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். மாடிதான் வழி என்றால் பங்குனி பிறப்பதற்குள் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். செலவு குறைவு, வித்தியாசம் அன்று இரவே தெரியும்.

ஜன்னலுக்கு நேரே உட்காருவதும் தவறு, முதுகைக் காட்டி உட்காருவதும் தவறு. நேரே உட்கார்ந்தால் கடல் வெளிச்சத்தில் கண் கூசும். முதுகைக் காட்டினால் அந்த வெளிச்சம் திரையில் விழும். ஜன்னல் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கட்டும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கு மேல் குறைந்துவிடும், அதனால்தான் கண் காய்ந்து எரிகிறது. காற்று முகத்தில் நேராக அடித்தால் இன்னும் சீக்கிரம் காயும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது விநாடி, இருபது அடிக்கு அப்பால் பார்க்கச் சொல்வார்கள் கண் மருத்துவர்கள். அதற்கு நம் வீட்டு ஜன்னலில் ஒரு பனைமரம் எப்படியும் நின்றுகொண்டிருக்கும்.

பிளாஸ்டிக் நாற்காலி

எல்லா வீட்டிலும் இருப்பது அதுதான். விசேஷத்துக்கு வந்தவர் அரைமணி நேரம் உட்காரச் செய்தது, எட்டு மணி நேரத்துக்கு அல்ல. உட்காரும் இடம் பின்னால் சரிந்திருப்பதால் இடுப்பு உள்ளே புதைந்து, முதுகு கூன்போட்டு, கழுத்து முன்னால் நீளும். புது நாற்காலி வாங்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் ஒரு பழைய போர்வையை நான்காக மடித்து உட்காரும் இடத்தின் பின்பாதியில் போடுங்கள், ஒரு துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் கொடுங்கள். பாதம் தரையில் முழுதாகப் படியாவிட்டால் கீழே பலகை வையுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று: மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கின்றன. திரை கண்ணுக்குச் சரியாக இருந்தால் கைக்கு உயரம், கைக்குச் சரியாக இருந்தால் கழுத்துக்குப் பள்ளம். இரண்டையும் பிரிக்காமல் எந்த நாற்காலி வாங்கியும் பயனில்லை. தனியாக ஒரு விசைப்பலகையும் மவுஸும் வாங்குங்கள், நாற்காலியைவிட அவை விலை குறைவு. கணினியைத் தூக்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். நான் பரணில் கிடந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியை மேசைமேல் ஏற்றி, அதன்மேல் வைத்திருக்கிறேன். முழங்கை செங்கோணத்தில் மடங்கி, தோள் தளர்ந்திருந்தால் சரி. கழுத்துவலி மூன்றே வாரத்தில் விட்டது. கையில் மரத்துப்போவது, விரலில் பலம் குறைவது போலத் தெரிந்தால் இந்தப் பெட்டியும் போர்வையும் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.

தரையில் சம்மணமிட்டு உட்காருவது நல்லதாயிற்றே என்று கேட்பார்கள். சாப்பிட நல்லதுதான். தரையில் கணினியை வைத்துக் குனிந்து வேலை பார்ப்பதைக் கழுத்து தாங்காது.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பது

சென்னையில் அலுவலகத்துக்குள் நான் வியர்த்ததே இல்லை. இங்கே நாள் முழுக்க வியர்க்கிறது, ஆனால் தண்ணீர் குடிக்கும் அளவு பழையதே. ஊரில் பல இடங்களில் கிணற்றுநீர் உப்பு. குடிநீர் குடத்தில் வருகிறது, அதனால் வீட்டில் எல்லோருக்குமே பார்த்துப் பார்த்துக் குடிக்கும் பழக்கம் உண்டு. வேலை மும்முரத்தில் டீ மட்டும் நாலுமுறை உள்ளே போகும். எனக்குக் கல் வந்தது இப்படித்தான். அந்த வலியை வார்த்தையில் சொல்ல முடியாது. அதனால் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: ஒரு லிட்டர் பாட்டில் மேசையில் இருக்கட்டும், மதியத்துக்குள் ஒன்று, இருட்டுவதற்குள் இரண்டாவது, சாப்பாட்டோடு குடிப்பது தனி. சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். கடுமஞ்சள் என்றால் போதவில்லை. இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உப்புப் போட்ட நீர்மோர் அருமையான துணை. பதநீர்க் காலத்தில் பதநீர் கிடைக்கும். ஆனால் அதிலும் சர்க்கரை உண்டு, நீரிழிவு உள்ளவர் இயற்கைதானே என்று சொம்பு சொம்பாகக் குடிக்கக் கூடாது.

உப்புக்காற்றை மறப்பது

என் முதல் மடிக்கணினி சார்ஜ் ஏறாமல் நின்றபோது, பிரித்துப் பார்த்த கடைக்காரர் பச்சை பூத்த இணைப்புகளைக் காட்டினார். காற்றில் வரும் உப்புத்துகள் பலகையில் மெல்லிய படலமாகப் படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஊறுகாய் ஜாடி பக்கத்து உப்புக்கிண்ணம் கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதேதான் கணினிக்குள்ளும் நடக்கிறது. நம் கரையில் இரவில் அந்த அளவு ஈரம் சாதாரணம்.

இரவு ஜன்னலைத் திறந்துபோட்டு, கணினியை ஜன்னல் திண்டிலேயே விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி, உறைக்குள் போட்டு பீரோவில் வையுங்கள். சார்ஜர் துளையை வாயால் ஊதாதீர்கள், ஈரம்தான் உள்ளே போகும். இன்வர்ட்டர் பேட்டரி முனைகளில் வாசலின் தடவினால் பூப்பது குறையும். வருடத்துக்கு ஒருமுறை கணினியைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுப்பது இங்கே அவசியச் செலவு.

மின்தடை அன்று தவிப்பது

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துவதை முந்தின நாளே செய்தித்தாளில் போடுகிறார்கள். அதைப் பார்க்காமல் அன்றைக்கே முக்கியமான கூட்டத்தை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் அதிகம். துணைமின் நிலையத்தின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு தேடினால் போதும். எதிர்பாராத தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இணைய ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறது, இன்வர்ட்டர் இல்லாத வீட்டில் அதை முதலில் வாங்குங்கள். இரண்டாவது சிம் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும், வீட்டில் எந்த மூலையில் அதற்குச் சிக்னல் என்பதை அமைதியான நாளில் சோதித்துவையுங்கள்.

மழைக்காலம் தனிக்கதை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் எந்தத் திட்டமும் நிற்காது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேட்டதும் எல்லாவற்றையும் சார்ஜ் போட்டு, கோப்புகளை ஏற்றிவைத்து, “இரண்டு நாள் தொடர்பு அறலாம்” என்று அலுவலகத்துக்கு எழுதிவிடுவேன். முன்கூட்டிச் சொல்லும்போது யாரும் கோபிப்பதில்லை.

“வீட்டுலதான இருக்க”

“ஏத்தா, வீட்டுலதான இருக்க, கேஸ்காரர் வந்தா வாங்கி வச்சுரு.” “சும்மாதான இருக்க, அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வாயேன்.” பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. கோபப்பட்டுப் பயனில்லை, வாய்மூடித் தாங்குவதும் தவறு. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலை என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து, இதுதான் என் வேலை, இந்த எண் தப்பினால் இன்னார் சம்பளம் தப்பும் என்று காட்டினேன். பிறகு நேரத்தைச் சொன்னேன்: பத்தரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் எதுவும் கேட்கலாம், மற்ற நேரம் கதவு சாத்தியிருந்தால் அலுவலகம். அதற்குப் பதிலாக நானும் ஒன்பதரைக்குமேல் இரவில் கணினியைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பதுதான் சிரமமாக இருந்தது. இன்னும் ஒன்று மட்டும், இன்னும் ஒன்று மட்டும் என்று நடுநிசி வரை இழுத்த நாட்கள் எத்தனையோ.

படியிறங்காமல் இருப்பது

படுக்கையிலிருந்து மேசைக்குப் பத்தே காலடி. பேருந்து நிறுத்தம் வரை நடந்ததுகூட இல்லாமல் போகும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம். லண்டன்காரர்கள் மதியம் சாப்பிடப் போகும் வேளை கோடையில் நமக்கு மாலை ஐந்தரை. நான் அப்போது செருப்பை மாட்டிக்கொள்கிறேன். மனிதர்களோடு பேசுவதும் அந்த அரைமணியில்தான் நடக்கிறது. வலை சிக்கெடுக்கிறவர்கள், கரையில் விளையாடுகிற பிள்ளைகள், வடை போடும் அக்கா. அலுவலகத்தில் தேநீர் இடைவேளை கொடுத்ததை இவர்கள்தான் இப்போது எனக்குக் கொடுக்கிறார்கள்.

மண்டபம் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு கரை உண்டு. வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வோம். ஆடி, ஆவணியில் தென்கடல் பக்கம் போனால் காற்று மண்ணை வாரிக் கண்ணில் போடும், வடகடல் குளம்போலக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது தென்கடலுக்குப் போங்கள். கைபேசி வீட்டிலேயே சார்ஜில் கிடக்கட்டும்.