ஐயூஐ: தவறு உடம்பில் இல்லை, ஸ்கூட்டர் டிக்கியில்

வீடு காட்பாடிப் பக்கம், ஆஸ்பத்திரி வேலூர் டவுனில். முதல் பரிசோதனையில் என் விந்தணு அசைவு 46 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 42 என்பதால் ஐயூஐ, அதாவது விந்தணுவைக் கழுவிப் பிரித்து மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை, செய்யலாம் என்றார்கள். ஆனால் மனைவிக்கு முட்டை வெடிக்க ஊசி போட்டு, 36 மணி நேரம் கணக்குப் பண்ணிப் போன நாளில் அசைவு 11. அடுத்த மாதம் 9. இரண்டு சுழற்சி வீண்.

துத்தநாக மாத்திரை, முருங்கைக்கீரை, ஜீன்ஸுக்குப் பதில் வேட்டி எல்லாம் பார்த்தாச்சு. சாம்பிள் கொடுக்கும் முன் விந்து வெளியேறாமல் விடும் மூன்று நாள் இடைவெளியைப் பத்தாக்கினேன். அது தப்பு, 2 முதல் 7 நாள்தான் சரி, அதிகம் விட்டால் அசைவு குறையும். சாம்பிளில் எண்ணெய், சோப்பு பட்டதா என்று லேபில் கேட்டார்கள். படவில்லை.

மூன்று ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு சின்ன வரி கண்ணில் பட்டது: 'சேகரித்த இடம்'. முதலாவதில் லேப், மற்ற இரண்டிலும் வீடு. சாம்பிள் டப்பாவை நான் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன். அக்னி நட்சத்திர வெயில், கிரீன் சர்க்கிள் நெரிசல். சாம்பிள் 37 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. டிக்கிக்குள் கை வைக்கவே முடியாது.

இந்த முறை ஆஸ்பத்திரியிலேயே அறை கேட்டு வாங்கி, அங்கேயே சாம்பிள் கொடுத்தேன். அசைவு 48. கழுவிப் பிரித்து அன்றைக்கே செலுத்திவிட்டார்கள். மனசு லேசாச்சு. வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டுமென்றால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேருங்கள். ஐஸ் பையும் வேண்டாம்.