சீனியும் பிரஷரும் சேர்ந்திருந்தால் வீட்டில் எங்கே தொடங்குவது?

"பிரஷர் கூட என்று கிளினிக்கில் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே." தோட்டப்பக்கம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பிரஷர் பெரும்பாலும் அப்படித்தான், சத்தமே போடாது. சீனி வருத்தமும் உடம்புப் பாரமும் இருக்கிறவருக்கு அது ஏறினால் இதயம், மூளை, சிறுநீரகம், கண் எல்லாவற்றுக்கும் சேர்த்து அடி. இவர்களில் பெரும்பாலோருக்கு 130/80க்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்.

படி 1: சரியாக அளங்கள்

மேல்கையில் பட்டி கட்டும் டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள். கை பருமனாக இருந்தால் கூடவே வரும் பட்டி பத்தாமல் போகலாம்; சின்னப் பட்டி பிரஷரைக் கூட்டிக் காட்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளவு நாடாவைச் சுற்றி, பட்டியில் அச்சடித்த சென்டிமீட்டருக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

நுவரெலியாக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டியைக் கட்டுகிறவர்கள் உண்டு. அது சரிவராது. ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாலும் இறுக்கும். ஸ்வெட்டரில் ஒரு கையை மட்டும் கழற்றிவிட்டுச் சால்வை போர்த்திக்கொள்ளுங்கள், குளிரும் பிரஷரை ஏற்றும்.

மேடு ஏறி வந்ததும், தேத்தண்ணி குடித்ததும், வெற்றிலை புகையிலை போட்டதும் அளக்க வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் தரையில் வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் 5 நிமிடம் இருங்கள். அப்புறம் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளங்கள். காலையில் குளிசைக்கு முன்னும் மாலையிலும், 7 நாள் இப்படி. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதன் சராசரியைக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள்.

படி 2: உப்பு

ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டத்துக்குள். மாவில் உப்பு, சம்பலில் உப்பு, மாசியில் உப்பு என்று காலை ரொட்டியிலேயே பாதி தீர்ந்துவிடும். ரொட்டியை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மலைக்குக் கட்டிக்கொண்டு போக அதைவிடத் தோதான சாப்பாடு எது? மாவில் உப்புப் போடாமல் சுடுங்கள், சம்பலில் இருப்பதே போதும். ஒரு ரொட்டியைக் குறைத்து, அந்த இடத்தில் போஞ்சியோ கோவாவோ கீரையோ வையுங்கள். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதுவும் எப்போதாவதுதான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு கடையில் கிடைத்தால், லோசார்டன், எனலாபிரில் என்கிற பிரஷர் குளிசை எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

படி 3: பாரம்

80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே பிரஷரிலும் சீனியிலும் வித்தியாசம் தெரியும். முதலில் தேத்தண்ணிச் சீனியில் கை வையுங்கள். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக் குடித்தாலும் அது சீனிதான்! கொழுந்தெடுக்கிறவர்களுக்கு நடை தானாகக் கிடைக்கும், மற்றவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கட்டும்.

படி 4: குளிசை

எண் இறங்கியது குளிசையால்தான், அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். எனலாபிரில், லோசார்டன் போன்றவை சிறுநீரகத்துக்கும் காவல். எனலாபிரிலில் வறட்டு இருமல் வந்தால் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பமானால், அல்லது அந்த எண்ணம் இருந்தால், உடனே சொல்லுங்கள். இந்த இரண்டும் அப்போது கூடாது. இடுப்பு வலிக்கென்று பாமசியில் டிக்ளோபெனக் வாங்கிப் போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

படி 5: காத்திருக்கக் கூடாத நேரம்

180/120க்கு மேல் காட்டினால் ஓய்வெடுத்துத் திரும்ப அளங்கள். குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் விழுதல் இதில் எது வந்தாலும் மெஷினைத் தேட வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வண்டி ஏறாது என்றால், வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஆளைப் பெரிய ரோட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.