‘டெலிவர்ட்’ என்றது குறுஞ்செய்தி, பார்சல் வரவில்லை

மதுரையிலிருந்து கோவையில் இருக்கும் அக்காவுக்கு இரண்டு சுங்குடிச் சேலைகளை ஒரு தனியார் கூரியரில் அனுப்பினேன். மூன்றாம் நாள் மாலை ‘டெலிவர்ட்’ என்று குறுஞ்செய்தி வந்தது. அக்காவோ, வாசலுக்கு யாருமே வரவில்லை என்றார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பதிவு செய்த குரலே திரும்பத் திரும்பப் பேசியதால், கோவைக் கிளையை நேரடியாக அழைத்து, ரசீது எண்ணைச் சொல்லி, பொருளைப் பெற்றவர் கையெழுத்திட்ட பிஓடி (பட்டுவாடா செய்ததற்கான சான்று) நகலைக் கேட்டேன். வாட்ஸப்பில் வந்த படத்தில் இருந்தது வேறொருவரின் கையெழுத்து. நான் பேனாவால் எழுதிய 17 என்ற கதவு எண், மழையில் மை கசிந்து 11 ஆகியிருந்தது. (தவறில் பாதி என்னுடையதுதான்.) அன்றிரவே சேலைகள் அக்காவிடம் வந்து சேர்ந்தன.

அடுத்த முறை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ‘ஐஎன்’ என 13 இடங்கள் கொண்ட எண்ணை அஞ்சல் துறையின் தளத்தில் இட்டதும், பதிவான அலுவலகம் முதல் பட்டுவாடா அலுவலகம் வரை ஒவ்வொரு கட்டமும் நேரத்தோடு தெரிந்தது. வரிசையில் நிற்க வேண்டியிருந்தது மட்டும்தான் குறை. இப்போது எதில் அனுப்பினாலும் முகவரியை அச்சிட்டு, அதன்மேல் டேப் ஒட்டி, பெறுபவரின் கைபேசி எண்ணையும் சேர்த்துவிடுகிறேன்.